எக்ஸ்ரேவுக்கு முன் ஒரு கேள்வி

மகளுக்கு வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதைக் காந்திமதி சித்திரை மாதத்தில்தான் கவனித்தாள். அதற்கு முன்னால் வாங்கியதும் துணிகளுக்கு அடியில் அப்படியே இருந்தது.

மகள் இசைவாணி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது விழுப்புரத்தில் உடல்தகுதித் தேர்வு. அதற்காக விடிகாலையில் ஒலக்கூரிலிருந்து பஸ் ஏறி, திண்டிவனம் மைதானத்தில் போய் ஓடுவாள். வெயில் ஏறியதும் உடன் பயிற்சி எடுக்கும் சுதாகர் பைக்கில் கொண்டுவந்து விடுவான். கொஞ்ச நாளாக அவள் சோற்றைத் தொடுவதில்லை. கேட்டால், "வயித்தக் கலக்குதுமா" என்பாள்.

கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதிர்க்கும்போது காந்திமதிக்குக் கை ஓடவில்லை. கேட்டுவிடலாம். இல்லை என்று அவள் சொன்னால் நம்ப முடியுமா? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கணவன் சென்னையில் கட்டட வேலையில் இருந்தான். அவனிடம் போனில் எதைச் சொல்வது?

ஒரு நாள் திண்டிவனம் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளையெல்லாம் தாண்டி, தன்னைத் தெரியாத ஒரு மெடிக்கலில் நின்றாள்.

"மாசமா கீறாங்களான்னு பாக்கற அட்டை வேணும்."

"உங்களுக்காமா?" என்றாள் கடைப் பெண்.

"ஆமா" என்றாள் காந்திமதி, குனிந்துகொண்டே.

அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடமாடினாளே தவிர, மகளிடம் நீட்ட வாய் வரவில்லை. அப்படி இருக்கும்போதுதான் சுதாகர் போன் செய்தான்.

"பதறாதீங்கமா. லாங் ஜம்ப் தாண்டி எறங்கனதும் இசையால கால ஊன முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டோம். ஜல்தி வாங்க."

காந்திமதி போய்ச் சேர்ந்தபோது இசைவாணி எக்ஸ்ரே அறை வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து வந்த எக்ஸ்ரே எடுக்கும் பெண், "கடைசியா பீரியட்ஸ் எப்பமா வந்துச்சி? மாசமா இருந்தா எக்ஸ்ரே எடுக்கக் கூடாது" என்றாள்.

"பொங்கலுக்கு முன்னாடி வந்துச்சி."

காந்திமதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் சுதாகரிடம் போனது. அவன் தண்ணீர் பாட்டிலோடு ஒன்றும் புரியாமல் நின்றான். இசைவாணி அம்மாவின் பார்வையைத் தொடர்ந்து பார்த்தாள்.

"நீ இன்னாமா நெனச்சிக்கினு கீற?"

காந்திமதி பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். இசைவாணி அதை வாங்கிக்கொண்டு நர்ஸ் துணையோடு கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்து அம்மாவின் மடியில் போட்டாள். ஒற்றைக் கோடுதான்; மாசமாக இல்லை.

"இத மனசுல வச்சிக்கினுதான் ஏன் சாப்புடலன்னு தெனமும் கேட்டியா?"

காந்திமதி அட்டையைப் பைக்குள் திணித்தாள். வந்த நிம்மதியும் டாக்டரின் அறைவரைதான் நீடித்தது.

டாக்டர் கலைப்பிரியா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கால் எலும்பு தாண்டினதுல மட்டும் ஒடஞ்சது இல்ல. முன்னாடியே மயிரிழை மாதிரி விரிசல் இருந்திருக்கு. வலிச்சிருக்குமே?"

"பேண்டேஜ் சுத்திக்கினு ஓடினேன்."

"என்ன சாப்புடற?"

"காலைல கொள்ளுக் கஞ்சி. ராத்திரி வெள்ளரிக்கா. எடை கொறஞ்சா ஓட்டம் வரும்னாங்க. வந்துச்சி மேடம்."

"கொழுப்பு ரொம்ப ஏறினாலும் எலும்புக்குக் கேடுதான். இப்படி ஒட்டத் தொடச்சாலும் கேடுதான். சாப்பாடு பத்தாம ஓடினா, உடம்பு பீரியட்ஸ நிறுத்திடும். அதுக்கான ஹார்மோன் கொறஞ்சா எலும்பு மெலிஞ்சிடும். எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயசுல நீ அதக் கரைச்சிருக்க."

பிறகு புதுச்சேரியில் எடுத்த எலும்பு ஸ்கேனும் அதையே சொன்னது. "பழையபடி ஆயிடுமா?" என்று காந்திமதி கேட்டாள். நிறைய தேறும், முழுசாகவா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதன் பிறகு மகள் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் காந்திமதி ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள்.

விழுப்புரம் தேர்வு நடந்த அன்று இசைவாணி மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். சாயங்காலம் சுதாகர் வந்து வாசலிலேயே நின்றான். காந்திமதியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தாள். அவன் போன பிறகு இசைவாணி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

"தப்பா நெனச்சிட்டேன். உங்கிட்டயே கேட்டிருக்கணும்" என்றாள் காந்திமதி.

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "பீரியட்ஸ் நின்னது நல்லதுன்னு நெனச்சேம்மா. ஓடறதுக்கு எடைஞ்சல் இல்லன்னு. கால்வலியக்கூட சொல்லல. சொன்னா நிறுத்திடுவியோன்னு."

பிறகு சோறு கேட்டாள்.

ஐப்பசி மழையில் மாதவிலக்கு திரும்பியது. கட்டு முன்பே பிரித்தாகிவிட்டது. தூரம் நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, இசைவாணி ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். அடுத்த தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காந்திமதி கூடவே போனாள். கரை வழுக்கியது.

"வலிக்குதா?"

"இல்லமா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டாள்.

"வலிச்சா சொல்றேம்மா" என்றாள் இசைவாணி. காந்திமதி தலையாட்டினாள். கண்ணை மட்டும் மகளின் காலிலிருந்து எடுக்கவில்லை.