வில்லங்கம் இல்லாத இடம்

என் மனைவியின் அண்ணன் மனைத் தரகர். கூடாரம் அடிக்க அவரையும் கூட்டிக்கொண்டு போனது என் புத்தி. ஏரிக்கரையில் புல் படிந்து கிடந்த ஒரு மேட்டைக் காட்டி, முதலில் வாய்ப்பந்தல் போட்டார்.

“மச்சான், நிழல் இருக்கு, காத்து இருக்கு, தண்ணி பக்கம். புல்லக்கூட யாரோ மெத்தை மாதிரி அமுக்கி வச்சிருக்காங்க. வில்லங்கமே இல்லாத இடம்!”

“அமுக்கினது யாரு?” என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி முளையை அடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஓர் எருமை. எங்களை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நேராக வந்து, கூடாரத்தைச் சாய்த்து, அதன்மேலேயே படுத்து அசைபோட்டது.

“அண்ணே, வில்லங்கம் வந்திருச்சு” என்றாள் என் மனைவி.

அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“பாத்தீங்களா, இந்த இடத்துக்கு எவ்வளவு கிராக்கின்னு!”