சிவப்பு நூல் கட்டிய சென்சார்

தண்ணீரின் சூட்டை அளக்க, அண்ணன் செய்த சென்சாரைத் தவிர வேறெதையும் தொட்டியில் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் தங்கை. மீன்குஞ்சுப் பண்ணை தொடங்கும்போது கடையில் வாங்கிவிடலாம் என்று அவள் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கடைச் சரக்கு ஒரே மாசத்துல தண்ணி குடிச்சிடும். எங்கண்ணன் செஞ்சது காலத்துக்கும் நிக்கும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அண்ணனும் ஏனோதானோவென்று செய்கிறவன் இல்லை. மிளகளவு சென்சாரைக் கம்பியில் பற்றவைத்து, எஃகுக் குழாய்க்குள் இறக்கி, பசை ஊற்றி மூடுவான். பசை இறுகியதும், தாங்குகிறதா என்று சோதிக்கக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, எடுத்த சூட்டோடு ஐஸ் தண்ணீரில் முக்குவான். மறுபடி கொதிநீர், மறுபடி ஐஸ். "நம்ம வீட்டுல சாப்பாட்டை விட சென்சார்தான் அதிகமா வேகுது" என்பாள் மனைவி. தங்கைக்கு என்பதால் வழக்கத்துக்கும் மேலேயே வேகவைத்தான். கடைசி ஒன்று பாக்கி இருக்கும்போது கேஸ் தீர்ந்து தொலைத்தது. அதில் சிவப்பு நூலைக் கட்டி, "இதை மட்டும் நம்பாதம்மா. திருப்பிக் குடு, டெஸ்ட் பண்ணித் தரேன்" என்று சொல்லி அனுப்பினான்.

அவளுக்கு எங்கே நேரம்? அதை மூலைத் தொட்டியில் போட்டு, அந்தத் தொட்டியில் மட்டும் குஞ்சுகளைக் கொஞ்சமாக விட்டாள்.

குளிர்காலத்தில் ஒரு காலை அவளிடமிருந்து போன் வந்தது. அழுகைதான் கேட்டது.

அண்ணன் பண்ணைக்கு ஓடினான். தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்து மிதந்தன. தண்ணீரில் கைவைத்தால் விரல் விறைத்தது. சூட்டளவு காட்டும் திரையோ எல்லாம் வெதுவெதுப்பாக இருப்பதாகக் காட்டியது. ஈரம் புகுந்த சென்சார் இல்லாத சூட்டைச் சொல்லும். அதை நம்பி ஹீட்டர்கள் அணைந்தே கிடந்திருக்கின்றன.

ஒரு வயரைப் பிடித்து இழுத்தான். பசை கட்டியாகக் குழாயிலிருந்து கழன்று வந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அடுத்ததை இழுத்தான். அதுவும் கழன்றது.

"மச்சான், இங்க வாங்க" என்றார் தங்கையின் கணவர். மூலைத் தொட்டியில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வயரைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு நூல்.

அவன் இழுத்துப் பார்த்தான். பசை அசையவில்லை.

"இது ஒண்ணுதான் தாக்குப்பிடிச்சிருக்கு. இதை மட்டும் என்ன பண்ணீங்க? மத்ததையும் அப்படியே பண்ணியிருக்கலாமே." அவர் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கொதியில் விரிந்து, ஐஸில் சுருங்கி, விரிந்து, சுருங்கி, பசை எஃகை விட்டுப் பிரிந்திருக்கிறது. பிரிய வைத்தவன் அவனேதான்.

தங்கைதான் பதில் சொன்னாள். "அதை அண்ணன் ஒண்ணுமே பண்ணலைங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"உனக்குன்னுதாம்மா கூடுதலா..." என்று தொடங்கினான்.

"தெரியும்ணா" என்றாள். சுவரோரம் இருந்த வலையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முதல் தொட்டியிலிருந்து செத்த குஞ்சுகளை அள்ளத் தொடங்கினான்.