இஜ்ஜா போட்ட உப்பு

ஹம்மு மேஸ்திரியின் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு சோதனைச் சுவரை நம்பித்தான் நின்றது. பூகம்பத்தில் விழுந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை மறுபடி மண்ணில் கட்டுவதா, சிமெண்டில் கட்டுவதா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த நேரம். மண் கட்டடத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய தலைநகர் ரபாத்திலிருந்து கிஸ்லான் வந்திறங்கினாள்.

"சுவர் ரெண்டு மழைக்காலம் நின்னுட்டா பள்ளிக்கூடம் உங்க கையிலதான் மேஸ்திரி. என் அறிக்கையை வச்சுத்தான் முடிவு பண்ணப்போறாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஹம்மு அகாதீர் நகரத்தில் கிடைத்த வேலையை விட்டான். மரச்சட்டத்துக்குள் தட்டுத் தட்டாக மண்ணைக் கொட்டி, ஒன்பது பேர் பாட்டுப் பாடித் திமிசுக்கட்டையால் இடித்துச் சுவரை எழுப்பினார்கள். இரண்டு வருஷமும் கிஸ்லான் தங்கியது ஹம்முவின் வீட்டில். பிள்ளையில்லாத வீடு அது. அவள் "சித்தி" என்று வாய் நிறையக் கூப்பிட்டதில் ஹம்முவின் மனைவி இஜ்ஜா உருகிப்போனாள். இருந்த ஒரே கம்பளி மெத்தையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பாயில் படுத்தாள்.

இரண்டாம் மழைக்காலம் ஓய்ந்தபோது சுவரின் அடியில் வெள்ளை பூத்தது. விரல் வைத்த இடம் மாவாய் உதிர்ந்தது. ஹம்மு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது. வீட்டுக்கு ஓடினான்.

"சுவத்து மண்ணுல உப்புப் போட்டியாடி?"

"போட்டேனே. நீங்கல்லாம் டீ குடிக்கப் போறப்ப, ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டு கை."

"அஸ்திவாரத்துல ஒரு பிடி போடுறதுதானேடி வழக்கம்!"

"அது நமக்கு. இது தாயை விட்டுட்டு வந்த பொண்ணு. ஊர்க்கண்ணு பூரா அவ மேலதான். ஜின்னு அண்டக்கூடாதுன்னு கொஞ்சம் தாராளமாப் போட்டேன். அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?"

அடிக்க ஓங்கிய கையை ஹம்மு தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கிஸ்லானின் பேராசிரியர் சுவரைப் பார்க்க வந்தார். ஹம்மு முந்திக்கொண்டு கிஸ்லானிடம் சொன்னான்.

"உப்புப் போட்டது நான்தான். என் புத்தி கெட்டுப்போச்சு. என் செலவுல இன்னொரு சுவர் எழுப்பித் தர்றேன்மா."

"பொய் எதுக்கு மேஸ்திரி?" என்று கிஸ்லான் கணினியைத் திறந்தாள். படத்தில் இஜ்ஜா மண்ணில் உப்பைத் தூவிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். கீழே தேதி இருந்தது, சுவர் தொடங்கிய நாள். அடுத்த தட்டுக்கு அடுத்த படம். இப்படிப் பதினெட்டுப் படங்கள்.

ஹம்மு அவள் பக்கம் திரும்பினான். "பாத்துக்கிட்டேவா இருந்த?"

"நான் தடுத்தா அது ஆராய்ச்சி இல்ல மேஸ்திரி. நீங்க செய்யறதை அப்படியே பதியறதுதான் என் வேலை."

"உப்பு சுவத்தைத் தின்னுடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எத்தனை நாள்ல தின்னும்னுதான் தெரியாம இருந்துச்சு."

பேராசிரியருக்கு ஒரே குஷி. இஜ்ஜாவை அழைத்து ஏன் உப்புப் போட்டாள் என்று கேட்கச் சொன்னார்.

"இவ நல்லா இருக்கணும்னுதான்" என்றாள் இஜ்ஜா.

கிஸ்லான் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். "அருமை, இந்த வாக்கியத்தை விட்டுவிடாதே" என்றார் அவர். அவள் குறித்துக்கொண்டாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, இஜ்ஜா அவர்கள் வண்டியில் நாலு வாற்கோதுமை ரொட்டி கட்டி வைத்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கிஸ்லானும் மறக்கவில்லை. அறிக்கையின் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் படத்தோடு நினைத்திருந்தாள். இந்த மக்களின் மூடப்பழக்கம் இருக்கும்வரை இங்கே மண் சுவரை நம்ப முடியாது என்று அதன் கீழே எழுதியிருந்தாள். அறிக்கையைப் படித்த அதிகாரிகள் பள்ளிக்கூடத்துக்கு சிமெண்ட் என்று முடிவெடுத்தார்கள். வெளியூர் ஒப்பந்தக்காரர் வந்தார். ஹம்மு அவரிடம் மூட்டை தூக்கினான்.

சந்தை வண்டியில் அந்த அறிக்கை புத்தகமாக வந்து சேர்ந்த அன்று இஜ்ஜா தன் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அவளுக்குப் பட்டம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. முதல் தரத்துல."

"கண்ணு கிண்ணு படாம?"

"ஒண்ணும் படல."

"பாத்தியா? சுவத்துக்காகவா போட்டேன்? அவளுக்காகத்தானே போட்டேன். என் உப்பு பலிச்சிடுச்சு" என்று அவள் முகமெல்லாம் சிரித்தாள்.

ஹம்மு படத்தின் கீழே எழுதியிருந்ததைச் சொல்ல வாயெடுத்தான். பிறகு சிமெண்ட் தின்ற விரல்களால் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.