லூர்துமேரி ஏன் வழக்குப் போடவில்லை

மலேசியாவின் ஈப்போ நகரில் என் வீட்டு முன்னறையில் அன்று இருந்தவர்கள் நால்வர். மரியஜோசப் என்ற நான், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எண்பதைக் கடந்த என் அக்கா லூர்துமேரி. காலமான என் தம்பியின் மனைவி பியாட்ரிஸ். அவள் மகள் விவியன், வக்கீல். வேறு யாரும் இல்லை.

சித்தியவான் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. பழைய ஆட்கள் ஆண்டுக்கொரு முறை மண்டபம் எடுத்துக் கூடுகிறார்கள். இந்த ஆண்டு பழைய கங்காணியின் மகன் உடையப்பன் மைக்கைப் பிடித்து, சிரிக்கச் சிரிக்கத் தோட்டத்துக் கதைகள் பேசினான். அதில் ஒன்று, ரப்பர் மரத்து ஒட்டுப்பாலைத் திருடி மாட்டிக்கொண்ட லூர்துமேரி கதை. யாரோ அதைப் படம் பிடித்து எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் திருடர் கிடையாது. வழக்குப் போடச் சொன்னேன்.

விவியன் எழுதி வந்த நோட்டீஸை வாசித்தாள். நடுவில் 'டிரடியூஸ்' என்றொரு ஆங்கில வினைச்சொல் வந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"இது என்ன வார்த்தைம்மா?"

"ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியலயா அத்தான்? அப்ப உடையப்பன் பயந்தே ஓடிருவான்லா," என்றாள் பியாட்ரிஸ்.

"பொய் சொல்லி ஒருத்தர் பேரக் கெடுக்கிறது, பெரியப்பா. இப்ப அதிகமா யாரும் எழுத மாட்டாங்க. லத்தீன்லேருந்து வந்தது. முதல்ல அதுக்கு அந்த அர்த்தமே இல்ல. ஒருத்தர இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போறது, அவ்வளவுதான். அப்புறம் ஊர் பாக்க நடத்தி அவமானப்படுத்துறதுக்குச் சொன்னாங்க. அவதூறெல்லாம் அதுக்குப் பின்னாலதான்."

சன்னலைப் பார்த்திருந்த அக்கா திரும்பினார்.

"யார நடத்துனாங்க?"

"யாரையும் இல்ல அத்தே. அந்தச் சொல்லோட கதை."

"கழுத்துல ஏதும் போட்டாங்களா?"

விவியன் என்னைப் பார்த்தாள். அன்று தோட்டத்தில் நடந்ததை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன்.

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலம்; அம்மாவுக்குக் காய்ச்சல். வேலைக்கு வராதவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கங்காணி மிரட்டியிருந்தார். அம்மா விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, மரங்களுக்குள் மறைந்து தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருக்கு ஒதுக்கிய நிரை மரங்களிலும் அக்காவே பால் வெட்டினார். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலையும் அவரே உரித்தார். ஒருத்தி கையில் இரண்டு சாக்கைக் கண்ட கங்காணி, இது யாருடையது என்று கேட்டார். அம்மாவுடையது என்றால், அம்மா எங்கே என்பார். வீடு போய்விடும். அக்கா வாய் திறக்கவில்லை. திருடி என்று முடிவு கட்டி, ஒட்டுப்பாலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, முதல் லயத்திலிருந்து கடைசி லயம்வரை நடத்தினார்கள். எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். அந்த நாற்றம் அக்காவின் சட்டையை விட்டுப் போகவே இல்லை. அம்மா அதை எரித்தார்.

பியாட்ரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுக்கு நான் வரணுமா?" அக்கா விவியனிடம் கேட்டார்.

"சாட்சி சொல்லணும் அத்தே. அவங்க வக்கீலும் உங்களக் கேள்வி கேப்பாரு."

"பாக்குறதுக்கு யாரு வருவாங்க?"

"யாரு வேணும்னாலும் வரலாம். உள்ள வந்து உக்காரலாம்."

"அப்ப மறுபடியும் நடக்கணும்."

"அக்கா, உண்மை நம்ம பக்கம் இருக்கு," என்றேன்.

"அன்னைக்கும் நம்ம பக்கந்தான்டா இருந்துச்சு."

தீர்ப்பு வாங்கிச் சட்டமிட்டு இந்தச் சுவரில் மாட்டவேண்டும் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். விவியனிடமிருந்து நோட்டீஸை வாங்கி, மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

உடையப்பன் அடுத்த ஆண்டும் மைக்கைப் பிடிப்பான். தடுக்க எனக்கு வழியில்லை.

குற்றம் உண்மை என்பதால்தான் நாங்கள் வழக்கைக் கைவிட்டோம் என்று சித்தியவானில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. லூர்துமேரி திருடவில்லை.