இடது கன்னத்துக்கு ஒரு துப்பாக்கி

எங்கள் சுடும் கூடத்தில் நான் புதுத் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் யாக்கென் சிரித்துவிட்டான்.

"என்னடா துமெங், பால் கறக்கிற மிஷினைத் தூக்கிட்டு வந்திருக்க?"

அவன் சொன்னதில் தவறில்லை. அதில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது. அலுமினியச் சட்டம், திருகுகள், நீட்டிக் குறைக்கும் தண்டுகள். நான் எங்கள் ஊரில் பாலாடைக்கட்டி செய்கிறவன். சென்ற ஆண்டு என் வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. பால் திரண்டதா என்று பார்க்க அந்தக் கண் போதும்; ஆற்றுக்கு அக்கரையில், முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குப் பலகையின் கரும்புள்ளிக்குப் போதாது. இருபத்தாறு வருடம் வலது தோளில் வைத்துச் சுட்டவன் இடது தோளுக்கு மாறவேண்டியதாயிற்று.

விற்ற அம்மாள் கடைத் தரையிலேயே என்னை ஒரு மணி நேரம் படுக்க வைத்தாள். "கழுத்த வளைக்காதீங்க. நீங்க துப்பாக்கிகிட்டப் போகக்கூடாது, அதுதான் உங்ககிட்ட வரணும்" என்று சொல்லி, கன்னம் பதிகிற கன்னப்பலகையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயர்த்தினாள். சட்டென்று குறி பார்க்கும் பின்துளையும் முன்வளையமும் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. பழைய துப்பாக்கியின் மரக்கட்டையில் கன்னம்தான் நெளிந்து கொடுக்கும். அந்த நொடியே வாங்கத் தீர்மானித்துவிட்டேன்.

போன வாரம் மேசைமேல் தாங்கி வைத்துக் குறி சரிபார்த்தாயிற்று. படுத்துச் சுடுவது இன்றுதான் முதல். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஐந்து பேர் கொண்ட குழு. நான்கு பெயர்களை ஏற்கெனவே எழுதிவிட்டாள் எங்கள் துப்பாக்கிக் கழகத் தலைவி ஊர்சினா. கசாப்புக் கடை வைத்திருப்பவள், பேச்சிலும் எலும்பைத் தனியாக எடுத்துவிடுவாள். ஐந்தாவது ஆள் நானா யாக்கெனா என்பது ஆளுக்குப் பத்துக் குண்டில் முடிவாகும்; ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி. எனக்கு மூன்றாம் இலக்கு, என் வலப்பக்கம் படுத்திருந்த அவனுக்கு நான்கு.

குறியைக் கையால் தள்ளக்கூடாது. தசை தளர்ந்ததும் துப்பாக்கி தன் இடத்துக்கே திரும்பிவிடும். ஆகவே கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பார்க்க வேண்டும். அப்படியே செய்தேன். வளையத்துக்குள் கரும்புள்ளி, சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை. சுட்டேன். புள்ளி காட்டும் என் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"ஊர்சினா, ஓடி வா! நான் இன்னும் சுடவே இல்ல, எனக்குப் பத்து விழுந்திருக்கு! இவன் மிஷின் எனக்கும் சேர்த்துக் கறக்குது!" என்று கத்தினான் யாக்கென்.

ஊர்சினா குனிந்து பார்த்தாள். "அது உனக்குக் கிடையாது யாக்கென். துமெங், உனக்கு பூஜ்யம். அடுத்த வீட்டு மாட்டைக் கறந்தா அப்படித்தான்."

இடது தோளில் சுடுகிறவன் கால்களை வலப்புறம் விலக்கிப் படுக்க வேண்டும். பழக்கத்தில் நான் பாதிதான் விலக்கியிருந்தேன். உடம்பு வலப்பக்கம் திரும்பி, குறி அடுத்த இலக்கில் நிம்மதியாகப் போய் நின்றிருக்கிறது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பூஜ்யம் என் இடுப்பின் தவறு. பத்து என் இடது கண்ணுடையது.

வலது முழங்கையை ஊன்றியபடி இடுப்பை ஒரு சாண் நகர்த்தினேன். அடுத்த குண்டு என் திரையில் விழுந்தது. ஒன்பது. பிறகு பத்து. மறுபடி பத்து.

யாக்கென் எண்பத்தாறில் முடித்தான். ஒன்பது குண்டுகளுக்குப் பிறகு என் கணக்கு, பூஜ்யத்தையும் சேர்த்து, எழுபத்தேழு. இனி பத்து விழுந்தால் நான். ஒன்பது என்றால் சமன், ஊர்சினாவுக்குத் தலைவலி. அதற்குக் குறைந்தால் அவன்.

எங்கள் கூடத்தின் தரை பலகை. ஒருவர் எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரின் முழங்கை வரை அதிரும். சுட்டு முடித்தவுடன் பார்லிச் சூப்புக்கு எழுந்து ஓடுகிறவன் யாக்கென். அடுப்பிலிருந்து வாசனையும் வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடுவதற்கு முன் ஒருமுறை அவன் பக்கம் பார்த்தேன்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தைக் கைமேல் சாய்த்து, பூட்ஸ் நுனிகூட அசையாமல் பலகையோடு பலகையாகக் கிடந்தான்.