காப்புக் கட்டாதவர்

2006 வைகாசி, அய்யாவின் கருமாதிக்கு மறுநாள் காலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கோயில் கமிட்டித் தலைவர் வேல்சாமி மாமா. அவருக்கு இடப்புறம் பெஞ்சில், மடியில் ஃபைலோடு, செயலாளர் பொன்னுச்சாமி. வாசற்படியில் பாதி வெயிலில், திருப்பூரிலிருந்து வந்திருந்த என் தம்பி முனியசாமி. அடுப்படி நிலையில் சாய்ந்தபடி அம்மா. நான் தரையில், ஸ்டூல் மேல் வெள்ளைத் தாள் வைத்துக்கொண்டு.

சாயல்குடியில் பத்தாவது வரை படித்தவள் நான். ஊரில் மனு, கடிதம் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆவணியில் காளியம்மன் கோயில் கும்பாபிஷேகம். அதற்கு அச்சடிக்கும் மலரில் அய்யாவுக்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பொன்னுச்சாமி வாசிப்பார், நான் நல்ல கையெழுத்தில் எழுத வேண்டும். குடும்பத்தார் கையெழுத்தோடும் போட்டோவோடும் ராமநாதபுரம் அச்சகத்துக்குப் போகும்.

"அமரர் இருளாண்டி அவர்கள் குடும்பத்தைக் கண்ணாகக் காத்தவர்" என்று தொடங்கினார். எழுதினேன். "1979 பங்குனித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருந்த வேளையில், நான்கு வயது மகன் உயிருக்குப் போராடியபோதும், ஊர் எல்லையைத் தாண்டாமல் அம்மனே கதியென்று நின்ற பக்திச் செம்மல்."

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. தம்பி பாண்டிக்கு விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும். காப்புக் கட்டியவர்கள் எட்டு நாள் முடியும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அம்மா ஒருத்தியாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தாள். பஸ் வருமுன் பாண்டி போய்விட்டான். அய்யா வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதன்பிறகு இருபத்தேழு வருடம், சோறு போடும்போது தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலில் விளக்குப் போடுவார். ஆனால் காப்பு மட்டும் அதன்பின் அவர் கட்டவேயில்லை. திருவிழா எட்டு நாளும் ஊரில் ஆம்பளைகள் எல்லோரும் மஞ்சள் கயிற்றோடு திரிய, இவர் வெறுங்கையோடு மாட்டுவண்டிப் பக்கத்திலேயே படுத்திருப்பார். பாம்புக்கடியோ பிரசவமோ, எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக இவர் ஒருவர்தான். வேல்சாமி மாமாவின் மகளையும் அப்படித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திருவிழா இல்லாத நாளிலும் அதே வேலைதான்.

"நாகு, அந்த வரிய எழுதாத" என்றாள் அம்மா.

வேல்சாமி மாமா சிரித்தார். "ஏத்தா ராக்கு, பெருமையான சமாச்சாரந்தான? முழுப்பக்கம், கலர்ல வருது."

"அவரு நிக்கலண்ணே. நீங்க நிக்க வச்சீக."

பொன்னுச்சாமி ஃபைலை மூடினார்.

"புள்ளையத் தூக்கிட்டுக் கல்லத் தாண்டித் திரும்பிப் பாக்குறேன், பின்னாலேயே ஓடியாராரு. நீங்களும் இன்னும் மூணு பேரும் மறிச்சுப் பிடிச்சிருக்கீக. காப்பப் பல்லால கடிச்சு அறுக்கப் பாத்தாரு. அந்தக் கைய முறுக்கிப் பிடிச்சது நீங்கதான்."

"ஊருக்காகச் செஞ்சதுத்தா அது. காப்பு அறுந்தா மழை தப்பிப்போகும்னு பூசாரி சொன்னாரு."

"பேஞ்சுச்சா?"

மாமா தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எங்க பேஞ்சுச்சு. மொளகா பூராவும் கருகிப்போச்சு."

என் பேனா தாளிலேயே ஊன்றி மை ஊறிக்கொண்டிருந்தது. "இத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா" என்றேன்.

"புள்ளைக இங்கனதான் பொழைக்கணும், யார்ட்டயும் சொல்லாதன்னுட்டாரு ஒங்கய்யா. ஒங்கிட்ட எப்பச் சொல்ல? நீதான் அவரு மூஞ்சியே பாக்க மாட்டியே."

முனியசாமி எழுந்து உள்ளே வந்தான். "எம்மா, முடிஞ்சதக் கிளறாத. கும்பாபிசேகத்துல எனக்குப் பரிவட்டம் கட்டுறேங்கிறாக. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

"வண்டி கட்டி ஆளுகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனத எழுதுறேன் மாமா. அது எல்லாரும் பாத்ததுதான" என்றேன் நான்.

"அது ஒத்தாசை. யாரும் செய்றதுதான். திருவிழாவுல காப்பே கட்டாத ஆளுன்னு கோயில் மலர்லயா போட முடியும்? அந்த வரி இல்லாட்டி ஒங்கய்யாவுக்குப் பக்கம் எதுக்குத்தா?"

"அப்பப் பக்கமே வேணாம்" என்றாள் அம்மா.

"போட்டோ இல்லாமயும் போடலாம், ஊர் மலரு அது" என்று சொல்லிவிட்டுத்தான் மாமா செருப்பை மாட்டினார். பொன்னுச்சாமி என்னைப் பார்க்காமல் பின்னால் போனார். மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் முனியசாமியும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பரிவட்டத்தை வேறு யார் தலையில் கட்டுவார்கள் என்று போகும்போது கேட்டான்.

ராமநாதபுரத்தில் அச்சகம் வைத்திருக்கும் சதக்கத்துல்லா பாய்தான் எங்கள் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் அடித்தவர். குடும்பத்தார் எழுத்தில்லாமல் இறந்தவர் பெயரைப் போடமாட்டார். ஆனால் முனியசாமி ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே அவருக்குப் போதும். புதுத் தாளில் இடதுபுறம் ஓரம் மடித்துத் தேதி போட்டேன்.

"மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு. என் தந்தை இருளாண்டி பற்றி எங்கள் ஊர்க் கோயில் மலருக்கு ஏதேனும் பக்கம் வந்தால் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அதில் எழுதியிருப்பது நடந்ததல்ல. நடந்ததை அச்சிட அவர்களுக்குச் சம்மதமில்லை. ஆகவே அவர் பெயர் மலரில் எங்கும் வர வேண்டாம்."

அய்யா எத்தனை பேரை வண்டியில் ஏற்றிப்போனார் என்று எழுதத் தொடங்கினேன். நாலைந்து பேருக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டு வைத்ததில்லை. அதை அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். அம்மா இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு பிள்ளைக்கான இடம் காலியாகவே இருந்தது.

உறையின் ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினேன். மூன்று மணி பஸ்ஸில் சாயல்குடி போய்ப் பதிவுத் தபாலில் கொடுத்தேன். தபால்காரம்மா எடை பார்த்து, இரண்டு இடத்தில் முத்திரை குத்தி, ரசீதை என் பக்கம் தள்ளிவிட்டு, உறையைப் பின்னாலிருந்த பைக்குள் போட்டாள்.