வாங்கின விலை மூன்று டாலர்

ஹால்வர் ஸ்கோக்ஸ்டாட் இறந்த இருபதாம் நாள், டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலையில், கல்லூரியிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. அவர் மனைவி ஆர்டிஸ் சமையலறையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் வடக்குக் கோடியில் இருக்கும் டுலூத் ஊரில், ஏரிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் அந்த வீட்டில், நவம்பர் வந்தால் எல்லோரும் கோட்டோடுதான் உட்காருவார்கள். ஜன்னல்கள் வீடு கட்டிய காலத்தில் வைத்தவை.

ஹால்வர் பல் டாக்டர். பனி வாரும் இயந்திரம் செய்யும் கம்பெனியின் பங்குகளை நாற்பது வருடம் முன்பு மூன்று டாலர் விலையில் வாங்கிப்போட்டார். அது இருநூறைத் தாண்டியது. ஜன்னல் மாற்றலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"வித்தா லாபத்துல அரசாங்கம் கை வைக்கும் ஆர்டிஸ். அப்படியே தானமா குடுத்தா அந்த வரி கிடையாது, இன்னிக்கு விலை முழுசுக்கும் சலுகை வேற. முட்டாள்தான் விப்பான்."

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், காபி நேரத்தில், கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் இதை ஓதினார். பங்கெல்லாம் தான் படித்த கல்லூரிக்கு. தன் பெயரில் அங்கே ஒரு வாசிப்பறை. படிவத்தைக்கூட நிரப்பி, நகலைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை, விலை இன்னும் பத்து டாலர் ஏறட்டும் என்று. பிறகு ஒரு காலையில் வாசல் பனியை மண்வாரியால் தள்ளப் போனவர் அங்கேயே விழுந்தார். தான் பங்கு வைத்திருந்த கம்பெனியின் இயந்திரத்தை அவர் வாங்கவேயில்லை. விலை அதிகமாம்.

ஆர்டிஸ் அழவில்லை. ஏழு வீட்டார் கொண்டுவந்த ஏழு தட்டு கேசரோல் சாப்பாடு ஃப்ரீசரில் இருந்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு தைரியம் உனக்கு" என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கும் பாருங்கள், தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

முந்தின நாள்தான் வரிக்கணக்கு பார்க்கும் கோரீன் வந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி.

"ஏன்டி, இதெல்லாம் அவர் பேர்ல மட்டும்தானே இருந்தது? உன் பேரைச் சேக்கலையே?"

"சேக்கல. சேத்தா நான் வித்துடுவேனாம்."

கோரீன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கேளு. ஒருத்தர் செத்துட்டா, அவர் என்ன விலைக்கு வாங்கினார்ங்கறத அரசாங்கம் மறந்துடும். செத்த நாள் விலைதான் வாங்கின விலைன்னு எடுத்துக்கும். மூணு டாலர் போச்சு. இப்ப உன் கைல இருக்கறது இருநூத்துப் பத்துக்கு வாங்கினது. உன் பேரைச் சேத்திருந்தா பாதிக்குத்தான் இந்தக் கணக்கு. மனுஷன் உன்னை நம்பல பாரு, அதனால முழுசும் கழுவிவிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப வித்தா?"

"ஒரு காசு வரி கிடையாது. அவர் போனப்புறம் விலை கொஞ்சம் இறங்கியும் இருக்கு. கணக்குப்படி உனக்கு நஷ்டம்டி!"

ஹால்வர் நாற்பது வருடம் தேடிய வரியில்லாத வழி கடைசியில் இதுதான்: செத்துப்போவது. ஆர்டிஸுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

இன்று கல்லூரியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் பிரெஸ்டன் விட்கோம்ப். அட்டையில் 'முன்னேற்றத் துறைத் துணைத் தலைவர்' என்று போட்டிருந்தது. பணம் கேட்பவர் என்று போட்டால் அட்டை சிறியதாக முடிந்திருக்கும்.

"உங்க கணவர் பெரிய தொலைநோக்கு உள்ளவர், மிஸஸ் ஸ்கோக்ஸ்டாட். அவரோட ஆசைய நிறைவேத்தறது இப்ப உங்க கையில. வரி வருஷம் முடியற முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பங்கு எங்க கணக்குக்கு வந்துடணும். அதனால இன்னிக்கே..." பளபளப்பான காகிதத்தை நீட்டினார். ஹால்வர் நிரப்பிய படிவமும் கூடவே இருந்தது. கொடுப்பவர் பெயர் மட்டும் மாற்றி. பக்கத்தில் கனமான பேனா. "லாபத்துக்கு வரி மொத்தமா மிச்சம்."

"லாபம் இல்லையே."

"மன்னிக்கணும்?"

கோரீன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள், மளிகைச் சீட்டு படிக்கும் குரலில். விட்கோம்ப் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு முதிய தம்பதி படகில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா... அவரோட பேரு. ஒரு அறை முழுக்க."

ஆர்டிஸ் படிவத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் பங்கு முழுக்கப் போகும், ஜன்னல் அப்படியே நிற்கும். போடாவிட்டால் அவர் பெயர் கல்லறைக் கல்லில் மட்டும். அவளை இப்போது யாரும் முட்டாள் என்று சொல்லப்போவதில்லை. அதுகூடப் புதிதாக இருந்தது.

"அந்த அறையில நாற்காலி இருக்குமா?"

"இருக்கும். நாற்பது."

"ஒண்ணு என்ன விலை? பேரோட."

அவர் தொண்டையைச் செருமினார். "பின்னால சின்னத் தகடு வெப்போம். ஐநூறு டாலர். ஆனா இவ்வளவு சின்னத் தொகைக்கு உங்களுக்கு வரிச்சலுகை எதுவும் கிடைக்காம போகலாம்."

"பரவால்ல."

காசோலை எழுதினாள், தன் சாதாரணப் பேனாவால். சலுகை எதுவும் கருதாமல் அந்த வீட்டிலிருந்து போன முதல் தானம் அதுதான். விட்கோம்ப் அதை இரண்டு விரலால் வாங்கி, கனமான பேனாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஆர்டிஸ் தரகருக்குப் போன் செய்து விற்கச் சொன்னாள். பிறகு ஜன்னல் கடைக்கு.

"எந்த ஜன்னல்ம்மா?"

"எல்லாம்."

"இந்தக் குளிர்லயா? ஏப்ரல் வரைக்கும் காத்திருங்களேன், தள்ளுபடி கூட வரும்."

"காத்திருந்தாச்சு," என்றாள். காபியை எடுத்துக் குடித்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும். கோட்டின் முன்பக்கம் நனைந்த பிறகுதான் தெரிந்தது, பாதி, மரத்த உதட்டுக்கு வெளியே வழிந்திருக்கிறது என்று.